மசூரின் தறிக்குழிச் சாரை

மருதமுனையில் நெசவாளி மசூரை விடப் பெரிய கஞ்சனைத் தேடிப் புறப்பட்டால் கால்தான் தேயும். அப்பேர்ப்பட்டவரின் தறியில் எலி புகுந்தது. பாவு நூல் விறைக்கப் போட்ட சோற்றுக்கஞ்சியின் வாசத்துக்கு வந்தவை கஞ்சியோடு நூலையும் தின்றன. பூனை வளர்த்துப் பார்த்தார். அந்தச் சனியன் நூலைப் பிறாண்டி விளையாடியதே தவிர எலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்கு மீன் வாங்கிப் போட மனுசனுக்கு வயிறு எரிந்தது. பாம்பென்றால் எலியே சாப்பாடு, செலவில்லை என்று முடிவு கட்டினார்.

தொண்ணூற்றாறில் மாரி முடிந்த கையோடு சைக்கிளை மிதித்து நாவிதன்வெளிக்குப் போனார். வயற்காரர் கனகரெத்தினம் வரம்பில் பிடித்த மூன்று சாரைகளை உரப்பைகளில் கட்டி வைத்திருந்தார். விலையைக் காசில் சொல்லாமல் மசூர் நெய்யும் சாறனில், அதாவது கைலியில், சொன்னார்.

"விசமில்லாத சாதி, மசூர் காக்கா. பெரிசுக்கு ரெண்டு சாறன். நடுவிலானுக்கு ஒண்டரை."

"ஒண்டரைச் சாறன எப்புடி அண்ணன் உடுக்கிற? அந்த வாலறுந்தது என்ன விலை?"

"அது வரம்பு வெட்டக்குள்ள மம்பெட்டி பட்டது. ஒரு சாறன் தந்தாக் காணும்."

"எலியப் புடிக்கிறது வாயாலயா, வாலாலயா?" என்ற மசூர், நெசவில் கரை பிழைத்து விலைப்படாமல் கிடந்த சாறனொன்றை நீட்டிப் பாம்போடு திரும்பினார். மனைவி சபூறாவிடம் மூச்சு விடாமல் அதை, நெய்யும்போது கால் வைக்கும் தறிக்குழிக்குள் இறக்கினார்.

மறுநாள் கூட்டப்போன சபூறா போட்ட கூச்சலில் தெருவே கூடியது. "அல்லாஹ்வே! இது எங்க வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. நான் எங்கயும் போகமாட்டன். நீங்களும் உங்கட பாம்பும் வெளிய போங்க!"

அந்தக் கிழக்குக் கடற்கரை ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். பாம்பு வாங்கிய குஷியில் மசூர் அதை மறந்துபோனார். பாம்பு குழியை விட்டு அசையவில்லை. மசூர் மட்டும் தலையணையோடு வெளியேறினார்.

பிறந்த வீட்டுக்குப் போனால் அது தங்கையின் சீதனமாகி எத்தனையோ காலம். தங்கை மாப்பிள்ளை ஸைனுலாப்தீன் விறாந்தையில் பாய் போட்டுவிட்டு, "எப்ப மச்சான் போறீங்க?" என்றார். தறியும் இல்லை, சபூறா ஆக்கும் மீனாணக் குழம்பும் இல்லை. இனி அவள் கூப்பிடவே மாட்டாளோ என்று மசூருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபோது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சபூறா தங்கை வீட்டு வாசல் படலையில் நின்றாள்.

"ஊட்டுக்கு வாங்க."

"பாம்பு?"

"அதுவும் இரிக்கட்டும். இப்ப அரிசிச் சாக்குல எலி வாயே வெக்கிறல்ல."

மசூருக்கு உயிர் வந்தது. வந்த உயிர் சும்மா இருந்ததா? "பாத்தியா புள்ள, நான் தெரிஞ்செடுத்த பாம்பு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"பெரிய கதை கதைக்காதீங்க. அது ஒரு பிழைச்ச சாறனுக்கு வந்து இவ்வளவு எலி புடிக்குது. உங்கள மாப்பிளையா எடுக்க எங்க வாப்பா வீடும் குடுத்தாரு, வயலும் குடுத்தாரு. நீங்க இதுவரைக்கும் என்னத்தப் புடிச்சீங்க?"

விறாந்தையில் ஸைனுலாப்தீன் வாய்விட்டுச் சிரித்தார். மசூர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.