மெதுவாகக் கேட்ட மன்னிப்பு

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனி. அங்குள்ள இரண்டு யூனிக்ஸ் சர்வர்களுக்கும் பொதுவான ஸ்டோரேஜ் அமைத்துக் கொடுக்க இன்று போயிருந்தேன்.

வேலை முடிந்ததும் ஆபரேட்டர் செல்வி அக்கா வந்தார். "சார், டிசைன் ஃபைலு ஒண்ணுகூட காணோமுங்க."

"நீங்கதான் எதையாவது அழிச்சிருப்பீங்க" என்றேன், பக்கத்தில் நின்ற முதலாளிக்குக் கேட்கும்படி. அக்காவின் முகம் சுண்டிப்போனது.

பிறகுதான் உறைத்தது. ஃபைல்கள் இருந்த அதே ஃபோல்டரின் மேல் புது ஸ்டோரேஜை மவுன்ட் செய்து, அதாவது மூடிபோல் பொருத்தி, நானே அவற்றை மறைத்திருக்கிறேன். அதை எடுத்ததும் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

"மீட்டுக் குடுத்துட்டீங்களே!" என்று முதலாளி கைகொடுத்தார். நானும் கொடுத்தேன்.

அவர் போனபின் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"திட்டுனது எல்லாருக்கும் கேட்டுது. இது எனக்கே சரியா கேக்கலீங்க சார்."

இங்கே சத்தமாகவே எழுதிவிட்டேன். பின்னூட்டத்தில் நீங்களும் சத்தமாகவே திட்டலாம்; அந்த முதலாளி வலைப்பதிவு படிப்பதில்லை.