அண்ணனின் பேச்சு நின்ற சனிக்கிழமைகள்

"தே" என்ற எழுத்தில் அண்ணன் மாட்டிக்கொண்டார். தேத்தண்ணி கேட்க வந்தவர். மேசைமேல் இருந்த கணினி அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தே தே தே தே என்று விடாமல் அடித்தது. திரையில் அம்புக்குறி அசையவில்லை. எந்த விசையை அழுத்தினாலும் பதிலில்லை. நான் வயரைப் பிடுங்கினேன். வீடு ஊமையாயிற்று.

அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டார். "அவருக்குத் தேத்தண்ணியா வேணும், தேங்காயா வேணும்? முழுசா சொல்லச் சொல்லுங்க தம்பி."

அண்ணன் மாத்தளை–நாவுல பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பலாபத்வலையில் ரோட்டோரம் வீடு. பஸ் வளைவில் தெரியுமுன்பே அவர் குரல் வந்து வாசலில் நிற்கும். தூக்கத்தை விரட்ட வெற்றிலை, அதோடு புகையிலை, பிறகு தொண்டையில் ஒரு கட்டி. கண்டி ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை மிச்சம். அதன் வழியாக மூச்சு போய் வந்தது, சொல் வரவில்லை.

முதலில் தாளில் எழுதிக் காட்டினார். அண்ணிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இவர் எழுதி முடிப்பதற்குள் கோபம் ஏறும், அண்ணி கூட்டி முடிப்பதற்குள் அது ஆறிவிடும். அப்படியே எத்தனையோ சண்டைகள் வீணாகின. கைபேசியின் பொடி எழுத்துகள் அவர் விரலுக்கு அடங்கவில்லை.

நான் மாத்தளை டவுனில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல் கோர்ப்பவன். பழைய கணினி ஒன்றை வாங்கி அதில் லினக்ஸைப் போட்டேன். காசு கேட்காத அமைப்பு. யாரோ எங்கோ இருந்து அதற்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். விசையில் அடித்ததை வாசித்துச் சொல்லும், தகரத்தைத் தட்டினாற்போன்ற குரல். ஒற்றை விரலால் அண்ணன் தட்டிய முதல் வாக்கியம்: "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, எடம் இருக்கு." அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மூன்றாம் மாதம் அது நிற்கத் தொடங்கியது. சிலநாள் காலையில், சிலநாள் பாதிச் சொல்லில். காரணம் தெரியாத மரணம் போல.

கணினி தனக்கு நடப்பதையெல்லாம் வரி வரியாகக் குறித்துவைக்கும். நின்ற நிமிடத்தைத் தேடிப் போனேன். கடிகாரம் சரி, இணையம் சரி, எல்லாம் சுகம் என்ற வரிகள். அதற்குப்பின் ஒன்றுமில்லை. அடுத்த வரியில் மறுபடி பிறந்திருந்தது. சாகிறவன் அந்த வரியை எழுதுவதில்லை.

நினைவகத்தைச் சோதித்தேன், பழுதில்லை. அதன் பொன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பொருத்தினேன். பெட்டிக்குள் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் கிடந்தது. சுவர்ச் சுண்ணாம்பு என்று ஊதிவிட்டேன். லினக்ஸின் அடிநாதமான கர்னலைப் பழைய பதிப்புக்கு மாற்றினேன். இணையத்தில் முகம் தெரியாத ஒருவர், கணினியின் மூளையான செயலி வேலையில்லாதபோது ஆழமாகத் தூங்கி எழும்பமுடியாமல் போகிறது, தூங்கவிடாதீர்கள் என்றார். தூங்காதே என்று ஒரு கட்டளை எழுதிவைத்தேன். நாலு நாள் ஓடியது. பிறகு முன்னைவிட மோசம்.

ஒரு கொப்பியில் நின்ற நேரங்களைக் குறித்துவந்தேன். பாதிக்கு மேல் சனிக்கிழமை. நான் லீவில் வரும் நாள். அண்ணன் தட்டினார், தகரக் குரல் சொன்னது: "நீ வந்தாத்தான்டா சாவுது."

அண்ணி சிரிக்கவில்லை. "நான் வெள்ளிக்கெழம தவறாம பூச போடுறேன். அப்படியும் கண்ணு படுதே."

அது என் காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை.

கடைசியில், வேறு வழியின்றி, செயலிக்கு மேலிருந்த சின்ன விசிறியைக் கழற்றினேன். அதைக் கழற்றாமல் அடியைப் பார்க்க முடியாது. உலோகத் தகடுகளின் இடுக்கு முழுவதும் வெள்ளைப் பாளம். நடுவே சந்தனத்தின் மஞ்சள், குங்குமத்தின் சிவப்புத் துணுக்கு. சாம்பிராணி மணத்தது. பெட்டியின் பக்கத் தகட்டில் காற்றுக்காகத் துளைகள் உண்டு. அந்தத் துளைகளின் மேல்தான் வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி இடும் மூன்று திருநீற்றுப் பட்டை, நடுவில் ஒரு பொட்டு. நிற்கத் தொடங்கியபின் அண்ணி இன்னும் அள்ளிப் பூசினார். உள்விசிறி அதை இழுத்துக் குடித்தது. மூச்சு முட்டிக் கிடந்ததைத் தூங்கவும் விடாமல் இன்னும் சூடேற்றியவன் நான். ஆளுக்கொரு பக்கம் அன்பாக நின்று அவர் வாயைப் பொத்தியிருக்கிறோம்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் உதிர்ந்த திருநீற்றைக் கீழே விழவிடாமல் விரலால் ஒற்றி நெற்றியில் இட்டுக்கொண்டார். நான் துடைத்துப் பூட்டி உயிர்ப்பித்ததும் தட்டினார். பேசும் விசையை அழுத்தவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

அவகிட்ட சொல்லாத. வெயில்னு சொல்லு.

நான் வாசித்ததும் எழுத்தெழுத்தாக அழித்தார். வெளியே குழாயடியில் அண்ணி வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

"வெயில்தான் அண்ணி. ஜன்னல விட்டுத் தள்ளி வச்சாப் போதும்," என்றேன். அன்றே தள்ளிவைத்தார். வெள்ளிக்கிழமை பட்டையும் இட்டார். இரண்டு கிழமைக்கொருமுறை நான் பிரஷ்ஷோடு போய், அண்ணி கடைக்குப் போகும் நேரம் பார்த்துத் துப்புரவாக்குவேன். அதன்பிறகு அது நிற்கவேயில்லை. கட்டிதான் திரும்பி வந்தது. கடைசி நாட்களில் முழு வாக்கியம் தட்ட அவரிடம் தெம்பில்லை. ஒரு விசைக்கு ஒரு சொல் என்று நான் போட்டுக்கொடுத்திருந்தேன். வலிக்குது. கதவச் சாத்து. தேத்தண்ணி. அவ்வளவில் முடிந்தது.

அவர் போன பிறகும் அண்ணி தினம் கணினியைப் போடுகிறார். ஒரு விசையை அழுத்திக் கேட்டுவிட்டு, எழுந்து போய் உண்மையாகவே கதவைச் சாத்துகிறார். ஆகவே நானும் பிரஷ்ஷோடு போய்க்கொண்டிருந்தேன்.

போன தடவை விசிறியைக் கழற்றினேன். தகடுகள் சுத்தம். பக்கத் தகட்டைத் திருப்பினேன். பட்டையில்லை. துளை துளையாக யாரோ ஊசியால் குடைந்து துடைத்திருந்தார்கள். திருநீறு எட்டத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இருந்தது.

அண்ணி தேத்தண்ணியோடு வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"வெயில் முன்னயவிட இப்பத்தான் கூட அடிக்குது தம்பி," என்றார். "அப்படியும் இது நிக்கிறதில்ல."

நான் திருகாணியைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

"எத்தன நாள் அவருக்குப் பேச்சில்லாமப் போச்சு? கொப்பியில எழுதுனீங்களே, கூட்டிச் சொல்லுங்க."

கொப்பி என் பைக்குள்தான் இருந்தது.

"கறையான் தின்னுருச்சு அண்ணி," என்றேன்.

தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, என் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.