விரதம் என்று சொன்ன நாட்கள்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம்: “டொக்டர், இவவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னம் கொழும்பிலை இரைப்பையைச் சின்னனாக்கிற ஒப்பரேஷன் நடந்தது.” அதைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சுப் போதும். வைத்தியசாலைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி டொக்டருக்கு எதிரே நின்றேன். சொல்லவில்லை.

பத்து நாட்களின் பின், மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அதிபர் என் வகுப்பு வாசலுக்கு வந்து கையால் கூப்பிட்டார். “லோஜினி ரீச்சர் விடியப் போயிட்டாவாம்” என்றார். நான் உள்ளே திரும்பி, பிள்ளைகளை அடுத்த பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். அவர்கள் வாசித்தார்கள். என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

உங்களில் பலருக்கு அவர் மனைப்பொருளியல் படிப்பித்த ரீச்சர். புத்தூரிலிருந்து நீல ஸ்கூட்டியில் வந்து, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வகுப்பு வாசலில் நிற்பவர். எனக்கு அவர் லோஜி அக்கா. ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் ஒட்டியபடி இருந்தன. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர்.

அவருடைய உடம்பைப் பற்றி எல்லோரும் அவர் முன்னாலேயே கதைத்தார்கள். “ஊட்டச்சத்துப் படிப்பிக்க நீர்தான் சரியான ஆள், எல்லாத்தையும் சாப்பிட்டுப் பாத்திருக்கிறீர்” என்று ஒருநாள் கமலா ரீச்சர் சொன்னபோது, முதலில் சிரித்தவர் லோஜி அக்காதான். ஆனால் மாடிப்படியின் நடுவில் அறிவித்தல் பலகையை வாசிப்பதுபோல அவர் நிற்பதை நான் கவனித்திருக்கிறேன். அந்தப் பலகையில் மாதக் கணக்காக ஒரே அறிவித்தல்தான் இருந்தது. முழங்கால் வலி, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, இரவில் மூச்சு அடைப்பது, இவற்றையெல்லாம் அவர் வேடிக்கையாக மட்டுமே சொல்வார்.

சித்திரை விடுமுறையில் பித்தப்பைக் கல்லை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனார். கூடப் பிறந்து ஒரே வீட்டில் வாழ்ந்த தமக்கை தவமலர் அக்காவுக்கும் அதையேதான் சொன்னார். உண்மையை எனக்கு மட்டும் சொன்னார்.

“சாப்பாடு படிப்பிக்கிறவ வயித்தை வெட்டித்தான் மெலிஞ்சவ எண்டு கதை வந்தால், நான் எந்த முகத்தோடை வகுப்புக்குப் போறது?”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லுறியள்?”

“நீ கதைக்கிறதே குறைவு. உன்னட்டைச் சொன்னால் கிணத்திலை போட்ட மாதிரி.”

இதை அன்று ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒப்பரேஷனுக்குப் பின் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கொழும்பில் கொடுத்த ஆங்கிலத் தாள்களை நாங்கள் இருவரும் ஒரு பிற்பகல் முழுவதும் இருந்து தமிழில் எழுதினோம். அவர் பாடத்திட்டத்தைப் படிப்பதுபோல அதைப் படித்தார். முதலில் மீன், முட்டை, பருப்பு, தயிர், பிறகு மரக்கறி, இடம் மிஞ்சினால் மட்டும் இரண்டு கரண்டி சோறு. கூழாகும் வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். வைற்றமின் குளிசைகளை உயிருள்ளவரை விடக் கூடாது. இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றைத் தன் பாடசாலை மேசைக்குள் வைத்துவிட்டு, மற்றதை என்னிடம் தந்தார். “வீட்டிலை அக்கா கண்டால் துலைஞ்சுது. இது உன்ரை பையிலை கிடக்கட்டும்.”

இரண்டு மாதம் அவர் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் நடத்தினார். இடைவேளையில் தேநீர்க் கோப்பையின் பீரிசில் அவித்த மீனை மசித்து, சின்னக் கரண்டியால் எடுத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மெல்லுவார். “வயிறு புதுசு, வாய்தான் பழசு” என்பார். முழங்கால் வலி குறைந்தது. ஒருநாள் மாடிப்படியில் நிற்காமல் ஏறிப்போய், மேலே நின்று என்னைக் குனிந்து பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கப்போவதில்லை.

பிழை அரியாலையில் புதுவீடு குடிபூரல் நடந்த ஒரு வீட்டில் தொடங்கியது. வீட்டுக்காரம்மா இலையில் சோற்றைக் குவித்தார். லோஜி அக்கா மூன்று வாய்க்கு மேல் தொடவில்லை.

“என்ன ரீச்சர், எங்கடை வீட்டுச் சமையல் பிடிக்கேல்லையோ?”

“ஐயோ, இண்டைக்கு எனக்கு விரதம். மறந்துபோய் வாயிலை வைச்சிட்டன்.”

அந்த அம்மா பதறிப்போய் இலையை எடுத்துவிட்டு, ஒரு தம்ளரில் பால் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி வரும்போது ஸ்கூட்டியின் பின்னாலிருந்து கேட்டேன்: “வியாழக்கிழமையிலை என்ன விரதம் அக்கா?”

“ஆரேன் ஒரு சாமிக்கு இருக்கும்.” பிறகு கொஞ்சத் தூரம் போய்ச் சொன்னார்: “எங்கடை ஊரிலை வருத்தம் எண்டால் பத்துப் பேர் வந்து கேப்பினம். விரதம் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம்.”

அவர் சொன்னது சரி. ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளி, செவ்வாய், சதுர்த்தி என்று விரதங்கள் கூடின. உடம்பு வற்ற வற்ற, “லோஜினிக்கு முருகன் நல்லாப் பிடிச்சிட்டார்” என்று கமலா ரீச்சர் சொன்னார். இம்முறை கேலி இல்லை. விரத நாட்களில் தவமலர் அக்கா வீட்டில் மீனும் முட்டையும் எடுக்கமாட்டார். தாளில் முதலில் இருந்தவை பீரிசிலிருந்து இல்லாமல் போயின. நவராத்திரி ஒன்பது நாளும் அப்படியே கழிந்தது. புரட்டாதிக் கடைசியில் சத்தி எடுக்கத் தொடங்கினார். குளிசை வயிற்றைப் பிரட்டுகிறது என்று அதையும் நிறுத்தினார். வகுப்பில் வைற்றமின்களையும் குறைபாட்டு நோய்களையும் கரும்பலகையில் அட்டவணை போட்டு எழுதுகிற கை அது.

கந்தசஷ்டி தொடங்க முதல்நாள் அவரிடம் கேட்டேன். “அக்கா, உந்த ஆறு நாளும் வேண்டாம். கொழும்பு டொக்டருக்கு ஒருக்கா கோல் அடிச்சுக் கதையுங்கோ.”

“விசரே உனக்கு? எல்லா விரதமும் பிடிச்சவ சஷ்டியை விட்டால், ஏன் எண்டு கேக்க மாட்டினமே? ஆறு நாள்தானே. முடியட்டும், நான் கதைக்கிறன்.”

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பின்னேரத்தில் ஒரு தம்ளர் பாலோடு ஐந்து நாள் கோயிலில் இருந்தார். அதிலும் பாதி வயிற்றில் நிற்கவில்லை.

ஆறாம் நாள் சூரன்போருக்கு நானும் போனேன். சனத்துக்குள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து, தோணியில் நிற்பவர்போல நின்றார். சூரன் எங்களைக் கடந்து போனபோது காதருகே சொன்னார்: “எனக்கு ரெண்டு சூரன் தெரியுது. முருகனுக்கு இண்டைக்கு வேலை கூட.” நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பசி மயக்கம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, விரதம் முடிக்கும் பாறணைக்கு இலை போட்டபோது குசினி வாசலில் விழுந்தார். தவமலர் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓர் இளம் டொக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய எல்லாவற்றையும் அவர் கேட்டார். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

“சஷ்டி விரதம் டொக்டர், ஆறு நாள்” என்றார் தவமலர் அக்கா.

“முந்தி ஒப்பரேஷன் ஏதும்?”

“பித்தப்பைக் கல்லு எடுத்தது. வேறை ஒண்டும் இல்லை.”

டொக்டர் கட்டிலைப் பார்த்தார். “அப்பிடியோ அம்மா?”

“ஓம்” என்றார் லோஜி அக்கா. கட்டிலைச் சுற்றி எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் இருவரும், அயல்வீட்டார் ஒருவரும் நின்றார்கள். அவருடைய கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்து என்னைத் தேடின. என் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். அந்தத் தாள் என் தோள்பையில், ஒரு புத்தகத்துக்குள் இருந்தது. அதன் கடைசி வரி, சிவப்பு மையால் இரண்டு தரம் கோடிட்டது, அவருடைய கையெழுத்து: “எந்த டொக்டரிடம் போனாலும் இந்த ஒப்பரேஷனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.”

குளுக்கோஸ் சேலைன் ஏற்றினார்கள். நாளைக்கு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரகசியத்தைக் காப்பாற்றுவது மரியாதை என்று வளர்ந்தவள் நான். அது சில வேளை வெறும் கோழைத்தனம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். பக்தியும் பணிவும் நிறைந்தவர் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் தவமலர் அக்காவிடம் போய், உண்மையை எழுதலாமா என்று கேட்டேன். “எழுது பிள்ளை” என்றார் அவர். “கல்லு எடுத்ததெண்டு டொக்டருக்கு நான் சொன்னதையும் எழுது. உப்பிடி ஒப்பரேஷன் செய்துபோட்டு ஆரும் ஒளிச்சு வைச்சிருந்தால், வாசிக்கட்டும்.”

லோஜி அக்கா எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பீரிசை ஆசிரியர் அறையிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். மாடிப்படியின் மேலே நின்ற அந்த முகமும் என்னோடு இருக்கிறது. அவர் நினைவாக வேறொன்றும் நான் கேட்கவில்லை.

சேலைன் ஏற்றியதற்கு மறுநாள் நான் வைத்தியசாலைக்குப் போனபோது என்னைக் கமலா என்று கூப்பிட்டார். கேட்டுவிட்டுச் சொல்வதற்கு ஆள் இல்லை. அப்போதும் ஒரு நாள் கடத்தினேன். மூன்றாம் நாள் காலை டொக்டரின் அறைக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். அவர் கடைசி வரிவரை வாசித்துத் திருப்பித் தந்தார். “முதல் நாளே தெரிஞ்சிருந்தால், வைற்றமின் ஊசியைப் போட்டிட்டுத்தான் சேலைன் ஏத்தியிருப்பம். வைற்றமின் வத்தின உடம்பிலை வெறும் குளுக்கோஸ் போனால் மூளையைத் தாக்கும்” என்றார். அந்த மணித்தியாலமே ஊசி போட்டார்கள். கண்கள் ஓரளவு நிலைத்தன. நினைவு திரும்பவில்லை. எட்டாம் நாள் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. பத்தாம் நாள் விடிய ஐந்து மணிக்குப் பத்மலோஜினி இறந்தார்.