திருவொற்றியூரிலிருந்து பத்து லிட்டர்

காட்பாடியில் ரயில் ஏறும்போது காலை மணி ஐந்து இருபது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது காலியான தெர்மாகோல் பெட்டி. இருந்தும் பயமாகத்தான் இருந்தது.

பதினெட்டு ஆண்டுகளாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் குடல் வைரஸ்களைத் தேடும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மாதிரிகள் என்னைத் தேடி வருமே தவிர நான் அவற்றைத் தேடிப் போனதில்லை. வழக்கமாகப் போகிறவர் வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். வேறு ஆள் இல்லை, என்னை அனுப்பிவிட்டார்கள்.

போக வேண்டிய இடம் திருவொற்றியூர், விம்கோ நகருக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அங்கே ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டிருந்தது. குழந்தையின் மலம், சந்தின் குடிநீர், அந்தப் பகுதியின் சாக்கடை நீர் மூன்றையும் நான் கொண்டுவர வேண்டும். மூன்றிலும் ஒரே வைரஸ் அகப்பட்டால், சாக்கடை குடிநீரில் கலக்கிறது என்று துணிந்து எழுதலாம். மலத்தில் ஒரு சிட்டிகை எடுத்தாலே கோடிக்கணக்கில் இருக்கும். தண்ணீரில் அப்படி இல்லை, பத்து லிட்டரை வடித்தால்தான் ஏதாவது சிக்கும். எல்லாம் ஐஸில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. இதையெல்லாம் அரக்கோணம் வருவதற்குள் நான்கு முறை மனசுக்குள் ஒப்பித்துவிட்டேன்.

காலை 7.40. பேசின் பிரிட்ஜில் ரயில் கால் மணி நேரம் நின்றது. இறங்கி நடந்தாலே சென்ட்ரல் போய்விடலாம் என்று பெட்டியில் எல்லோரும் சொன்னார்கள், யாரும் இறங்கவில்லை.

சென்ட்ரல் வாசலில் ஆட்டோ பேசினேன். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். ஓட்டுநர் ஏழுமலை, ஐம்பது வயது இருக்கும், காசிமேட்டுக்காரர். பெட்டியைப் பார்த்ததும், "இன்னாமா, மீனு வாங்கியாற வந்தியா? இன்னும் ஒன் அவர் முன்ன வந்திருந்தா வஞ்சிரம் சீப்பா கெடச்சிருக்கும்" என்றார்.

"மீன் இல்லீங்க. சாக்கடைத் தண்ணி எடுக்க வந்திருக்கேன்."

அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு தபா பார்த்துவிட்டு, அதற்குமேல் வஞ்சிரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஐஸ் வாங்க அவரே உதவினார். காசிமேட்டில் தெரிந்த ஐஸ் கடையில் நிறுத்தி, நொறுக்கிய ஐஸை அறுபது ரூபாய்க்குப் பெட்டி நிறைய வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு வழி நெடுக நான் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் நின்றன. அவற்றின் நடுவில் ஆட்டோ புகுந்து புறப்பட்டபோதெல்லாம் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

காலை 9.15. கழிவுநீர் ஏற்று நிலையத்தில் அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கி ஒரு லிட்டர் எடுத்தேன். மேசையில் உட்கார்ந்து பார்க்கும் சாக்கடை வேறு, குனிந்து பார்க்கும் சாக்கடை வேறு. கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டிருந்தும் கையைச் சேலையில் துடைக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

காலை 10.05. சந்து. இரு பக்கமும் மூன்று மூன்று வீடுகள், நடுவில் ஒரு அடிபம்பு. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தரைக்கடியில் உள்ள தொட்டியில் விழும், அந்த ஆறு வீடுகளும் அங்கிருந்து அடித்துக்கொள்ள வேண்டும். முனையில் ஒரு இட்லிக் கடை. அதை நடத்துகிற அஞ்சலை எனக்காகவே காத்திருந்தார். நாற்பது வயது, கனத்த குரல்.

"வாங்கக்கா. மொதல்ல நாஸ்டா துன்னுங்க."

"சாப்பிட்டாச்சு" என்றேன். ஐந்து மணிக்குக் குடித்த காப்பியைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை.

அவர் முகம் சுருங்கியது. "நீங்களுமா? என் இட்லி துன்னுதான் புள்ளைங்களுக்கு பேதியாச்சுன்னு சந்தே பேசுது. ஒரு வாரமா இந்த ஜனங்க ஒருத்தரும் வரல. வெவரம் தெரியாத லாரிக்காரங்கதான் துன்னுகினு போறாங்க. இட்லி மேல குத்தம் இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கக்கா, கடையில ஒட்டிக்கிறேன். இல்லாங்காட்டி கடைய மூடிக்கினு நான் எங்க போவேன்?"

"இட்லி ஆவியில வேகுது. அதுல எந்த வைரஸும் தாங்காது" என்றேன். அது உண்மை. சட்னி வேகாது, பச்சைத் தண்ணீரில் அரைப்பது. அதுவும் உண்மை. அதை மட்டும் நான் சொல்லவில்லை. ஏற்கெனவே நொந்துபோயிருப்பவரிடம் நிரூபிக்காத ஒன்றை ஏன் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பம்பை அடித்து ஒரு சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, குளோரின் பார்க்கும் மாத்திரையைப் போட்டேன். லேசாகச் சிவக்கும் என்று நினைத்தேன். ரோஸ்மில்க் போல ஆகிவிட்டது.

"தொட்டியில ஏதாவது போட்டீங்களா?"

அஞ்சலை பெருமையாகச் சொன்னார். "ஆமாக்கா. லேபுலேந்து ஆளு வருதுன்னு தெரிஞ்சதும் நேத்து நானே உள்ள எறங்கி, தேச்சு கழுவி, ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் கொட்டினேன். கலீஜா கீதுன்னு நீங்க எழுதிட்டா நம்ம சந்துக்குத்தானே அசிங்கம்?"

பிளீச்சிங் பட்ட தண்ணீரில் வைரஸ் மிஞ்சாது. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கழுவுவதுபோல, தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைக் கழுவி ஊற்றிவிட்டிருந்தார். அவர்மேல் கோபம் வந்தது, அடுத்த நொடியே அழுகை வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் பம்பின் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான்தான்னு ஆயிடுச்சா?"

காலை 10.40. எதிர்வீட்டு நஸ்ரினிடம் மல மாதிரி வாங்கப் போனேன். அவருடைய ஒன்றரை வயது மகள் முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள், தோளில் துணிபோலக் கிடந்தாள். நாங்கள் கொடுத்தனுப்பிய டப்பாவை மூன்று பாலிதீன் பையில் சுற்றி ஐஸ் போட்ட பாத்திரத்தில் வைத்திருந்தார். "பிரிட்ஜுல வெக்கச் சொன்னாங்க. சோத்துப் பக்கத்துல எப்டி மேடம் வெப்பேன்?" என்றார். பாதி வேலை முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் அடுப்படியில் மூடிய பச்சைக் குடம் கண்ணில் பட்டது.

"அது என்னிக்குப் பிடிச்ச தண்ணிம்மா?"

"போன வெள்ளிக்கெழம. ஞாயித்துக்கெழமேலேந்து ஆஸ்பத்திரியிலதானே கெடந்தோம். இப்பதான் கொட்டலாம்னு இருந்தேன்."

ஆறு நாள் பழைய தண்ணீர், குழந்தைக்கு நோய் வருவதற்கு முன்பு பிடித்தது, பிளீச்சிங் படாதது. விஷயத்தைச் சொன்னேன். நஸ்ரின் வாசலுக்கு அப்பால் நின்ற அஞ்சலையைப் பார்த்தார். குழந்தை படுத்ததிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"எம்புள்ள அவங்க கடை இட்லி துன்னுச்சு மேடம். அத்த நான் மறக்க மாட்டேன். ஆனா எதுனாலன்னு எனக்கும் தெரியணும்."

குடத்தை இடுப்பில் தூக்கி வந்து வாசலில் வைத்தார். பிடிக்க அஞ்சலை கை நீட்டியதும் நான் கத்தியே விட்டேன். "தொடாதீங்க, உங்க கையில பிளீச்சிங் இருக்கும்!" அவர் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. குடத்திலிருந்து, கையோடு கொண்டுவந்த பத்து லிட்டர் கேனை நிரப்பி ஐஸில் வைத்தேன்.

கிளம்புமுன், "குடிக்கிற தண்ணிய எல்லாரும் நல்லாக் காய்ச்சிக் குடிங்க" என்று இரண்டு முறை சொன்னேன். அஞ்சலை நான்கு இட்லியைச் சட்னியோடு பொட்டலம் கட்டி, என் கையில் திணித்தார். இந்த முறை மறுக்க மனம் வரவில்லை.

பிற்பகல் 2.00. ரயில். பசி தாங்காமல் பொட்டலத்தைப் பிரித்தேன். இட்லியைத் தின்றேன், பஞ்சுபோல் இருந்தது. சட்னிப் பையை முடிச்சு அவிழ்க்காமலே குப்பையில் போட்டேன்.

மாதிரிகளைப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து கை கழுவினேன். எங்கள் தண்ணீர் எங்கிருந்து, எந்தச் சாக்கடையைத் தாண்டி வருகிறது என்று இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு உறங்கியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. குழந்தையின் மலத்திலும் சாக்கடையிலும் குடத்துத் தண்ணீரிலும் ஒரே வைரஸ். அறிக்கை போகவேண்டிய இடத்துக்குப் போனது, குழாயைத் தோண்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். நான் சந்தோஷமாக அஞ்சலைக்குப் போன் செய்தேன்.

"தண்ணிதான் காரணம். உங்க இட்லி இல்ல."

"மெய்யாலுமாக்கா?" என்று அழுதார், சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சட்னி அந்தத் தண்ணியிலதானேக்கா அரைச்சேன்?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அன்னிக்குக் கட்டிக் குட்தேனே, சட்னி துன்னீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா" என்றேன்.

"அப்போ உங்களுக்கு அன்னிக்கே தெரியும்." குரலில் கோபம்கூட இல்லை. "நஸ்ரின்கிட்ட நானே போய் சொல்லிக்கிறேன். ஆனா ஒரு வார்த்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா. மறுநாளே அதே கொழாயிலதான் தண்ணி வந்துச்சு. குடிக்கிறத காச்சுங்கன்னீங்க, காச்சினேன். இந்தப் பத்து நாளும் சட்னிய பச்சத் தண்ணியிலதான் அரைச்சு லாரிக்காரங்களுக்கு ஊத்திகினு இருந்தேன்."