பங்குக் கிணறும் மச்சாளின் தரகரும்

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஒட்டுசுட்டானில் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று எங்களுடையது. மற்றது மச்சாளுடையது, அதாவது என் கணவரின் தங்கையுடையது. வேலி முடிகிற இடத்தில் இருந்த கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. காணி உறுதிப் பத்திரத்தில் ஆளுக்குப் பாதிப் பங்கு என்று எழுதியிருந்தது.

இரண்டு குடும்பமும் போக நினைத்த இடமும் ஒன்றுதான், வவுனியா. மச்சாளின் புருஷன் அங்கே தேத்தண்ணிக்கடை போட இடம் பார்த்திருந்தார். என் கணவர் ஏற்கெனவே அங்கே ஓர் அரிசி ஆலையில் சேர்ந்து, ஆலைக்குப் பின்னாலிருந்த ஓர் அறையில் தனியே கிடந்தார். சனி பின்னேரம் பஸ்ஸில் வருவார், திங்கள் விடியப் போய்விடுவார். வீடு விலைப்பட்டால்தான் வவுனியாவில் ஒரு வீடு வளவு வாங்கி, பிள்ளைகளோடு எல்லோரும் ஒன்றாய் இருக்கலாம். புருஷனை விருந்தாளி மாதிரிப் பார்த்து அனுப்புகிற அந்தச் சீவியம் எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

தரகர் வைப்போமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கடை வீட்டை விக்க எங்களுக்கு வாயில்லையே? இந்தச் சுவருக்குக் கல்லரிஞ்சது நான். அவன் வந்து புதுசா என்னத்தைச் சொல்லப்போறான்?"

மண் குழைத்து அச்சில் கல்லரிந்தது அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கிழமை நாட்களில் வீடு பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நானல்லவா?

மச்சாள் ஒருவரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தரகரைப் பிடித்துவிட்டாள். சட்டைக் கொலரின் பின்பக்கத்தில் குடையைக் கொழுவிக்கொண்டு சைக்கிளில் வருகிற மனுஷன். வந்த முதல் நாளே அவர் அவளுக்குச் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"தங்கச்சி, ஆக்கள் வரேக்கை நீங்கள் குசினியை விட்டு வெளியிலை வரப்படாது. ஏன் விக்கிறியள் எண்டு கேட்டால் வாய் திறக்கப்படாது. கதைக்கிறதெல்லாம் நான்."

எனக்கு அப்படிச் சொல்லித்தர ஆளில்லை. எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தவர்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். போன மாசியில் யானை வந்து வாழையை முறித்ததையும் சேர்த்துத்தான். விலை என்ன என்றார்கள். "நீங்கள் பாத்துச் சொல்லுங்கோவன்" என்றேன், ஏதோ சொந்தக்காரருக்குச் சொல்வதுபோல. அவர்கள் பார்த்துச் சொன்ன விலையை என் கணவரிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அடுத்து வந்தவர்கள் யானைக் கதையோடேயே எழும்பிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்திலோ கிழமைக்கு நாலு பேர் வந்தார்கள். எங்கள் வாசல் படலையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவர் திரும்பிப் பார்த்தால்தானே! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் வீட்டில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது? ஓடு ஒழுகும். சமைக்கிற குசினி ஒரு ஆள் திரும்ப இடமில்லாதது. எங்களுடையதில் பலாவும் இரண்டு கறிமுருங்கையும் நின்றன, சீமெந்து நிலம் கண்ணாடிபோல் இருந்தது. இருந்தும் அவள் கொடுத்துவைத்தவள். சின்னப் பெட்டையாயிருந்த காலத்திலிருந்தே அப்படித்தான், கேட்பதற்கு முன்னமே எல்லாம் வந்து சேரும்.

இதற்குள் அவள் முற்றத்தில் கண்ணூறு படாமல் ஒரு வெருளிப் பொம்மை கட்டினாள். வெருளி என்றால் றோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். அவளுடையது என் குசினி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் விடவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. யார் வீடு பார்க்க வந்தாலும் கடைசியில் கிணற்றைப் பார்க்க வருவார்கள். அந்த நேரம் பார்த்து நல்ல சேலையாய் உடுத்து, மினுக்கிய செம்போடு நானும் கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். சிரித்துச் சிரித்துக் கதைத்தேன். அவளிடம் வந்தவர்களை என் பக்கம் இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். தரகர் தடுப்பார் என்று நினைத்தேன். அவரோ, "அக்கா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டு எனக்கு வழி விட்டார். மனுஷன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறான் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

ஒருநாள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் மனுசியும் வந்தார்கள். அந்த மனுசி வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"முறை வைச்சோ அக்கா அள்ளுறியள்?"

"என்ன முறை? வேண்டிய நேரம் வேண்டிய ஆள் அள்ளுறது. இவ்வளவு காலத்திலை இந்தக் கிணத்தடியிலை ஒரு கோபச் சொல்லுப் பிறக்கேல்லை."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி இவர்கள் என் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று இரண்டு நாள் முற்றம் கூட்டிவைத்துப் பார்த்திருந்தேன். அவர்கள் மச்சாளின் வீட்டை வாங்கினார்கள். கேட்ட விலைக்கே வாங்கினார்கள். மச்சாள் கற்கண்டும் வாழைப்பழமும் கொண்டுவந்து தந்து, "உங்களுக்கும் கெதியிலை விலைப்படும் மச்சாள்" என்றாள். அந்தக் கற்கண்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.

புது மனுசி பால் காய்ச்சிய அன்று, முதல் பாலை ஒரு பேணியில் வார்த்து எனக்குத்தான் கொண்டுவந்தாள்.

"உண்மையைச் சொன்னால் அக்கா, எங்கடை இவருக்கு வீடு பிடிக்கேல்லை. ஊரிலை பங்குக் கிணத்துச் சண்டையாலை வருசக் கணக்கா வழக்காடிக் கோடேறின ஆக்கள் நாங்கள். தரகர்தான் சொன்னவர், வீட்டை விடுங்கோ, கிணத்திலை மற்றப் பங்கு ஆருடையது எண்டு பாருங்கோ எண்டு. உங்களைப் பாத்த பிறகுதான் காசு குடுத்தனாங்கள்."

பேணியைக் கீழே வைத்தேன். "நாங்களும் விக்கத்தான் நிக்கிறம், தங்கச்சி" என்றேன்.

அவள் சிரித்தாள். "அக்கா உப்பிடித்தான் சொல்லுவா, ஆனால் போகமாட்டா எண்டும் தரகர் சொன்னவர்."

அதாவது என்னைக் காட்டி மச்சாளின் வீட்டை விற்றிருக்கிறார். நல்ல சேலை உடுத்து, செம்பு மினுக்கி, நானே போய் நின்றிருக்கிறேன். தரகுக் காசு அவருக்கு, வீட்டுக் காசு மச்சாளுக்கு, எனக்கு ஒரு பேணிப் பால்.

அந்தச் சனிக்கிழமை கணவர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். "நாளைக்கே அந்தத் தரகரைப் பிடிப்பம். அவருக்கு விக்கத் தெரியுது, எங்களுக்குத் தெரியேல்லை" என்றேன். அவர் சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்து, கன்னம் வைத்திருந்தது.

"இனி என்ன அவசரம்?" என்றார். "வவுனியாவிலை என்ரை தங்கச்சி வாங்கின வீட்டிலைதான் இப்ப மூண்டு நேரமும் சாப்பாடு. படுக்கவும் ஒரு அறை ஒதுக்கித் தந்திருக்கிறாள். ஆறுதலா நாங்களே விப்பம்."

வழக்கமாகத் திங்கள் விடியப் போகிறவர், அந்தக் கிழமை ஞாயிறு பின்னேர பஸ்ஸுக்கே வெளிக்கிட்டார். தங்கச்சி இராச்சாப்பாட்டை வைத்துக்கொண்டு பார்த்திருப்பாளாம்.