எங்கள் வீட்டுக் கொள்ளு

நான் தஞ்சாவூர்ப் பக்கம். கொள்ளு என்றால் குதிரை தின்பது என்று நினைத்து வளர்ந்தவள். கல்யாணமாகிச் சோமனூருக்கு வந்த பிறகுதான் அதைக் கடைந்து சோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம் என்று தெரிந்தது. சில மாதம் ருசித்தே சாப்பிட்டேன். அதன்பிறகு அதைச் சாப்பிட்டால் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது. வேண்டாம் என்றால் மாமியார் விடமாட்டார்.

“எங்கூட்டுக் கொள்ளு யாரை என்ன பண்ணுச்சு கண்ணு? உனக்கு எல்லாத்துலயும் பிகு.”

ஒருநாள் எனக்குச் சொல்லாமல் ரசத்தில் கரைத்து ஊற்றிவிட்டார். தறியை நிறுத்திவிட்டுக் கணவர் உள்ளே வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். பிறகு ரத்தம் எடுத்து அலர்ஜிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையில், சோதித்துப் பார்த்த பட்டியலில் எந்தக் கடலிலோ பிடிக்கும் மீனெல்லாம் இருந்தது, கொள்ளு இல்லை. எதற்கும் அலர்ஜி இல்லை என்று முடிவு. மாமியார் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம்மூர்ச் சாப்பாட்டு அலர்ஜியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைப் பட்டைகளைச் சிங்காநல்லூரில் ஒரு சின்னக் கம்பெனி தயாரிக்கிறது என்று டாக்டர் சொன்னார். லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. அதை நடத்தும் அம்மா என்னை உட்காரவைத்து, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“கொள்ளுக்கு இன்னும் பட்டை பண்ணலீங்க, பண்ணிப் பாத்துரலாம். நீங்க சாப்பிடற கொள்ளையே கொண்டாங்க. அதைத் தின்னு ஒண்ணும் ஆகாத ஒருத்தரையும் கூட்டியாங்க.”

மாமியார் தானே வருவதாகச் சொன்னார். கல் பொறுக்கி, புடைத்து, நல்ல கொள்ளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகிறவர் மாதிரி பஸ் ஏறினார்.

கொள்ளின் சாரத்தைப் பட்டையில் பதித்து அதன்மேல் எங்கள் ரத்தத்தை விட்டுப் பார்ப்பார்கள். அலர்ஜி இருந்தால் நீலமாகும். முதல் தடவை என் பட்டை நீலமானது, மாமியாருடையதும் நீலமானது. “எல்லார்த்துக்கும் நிறம் வந்தா அது எங்க தப்புங்க. மறுபடியும் பண்றோம்” என்று அந்த அம்மாவே போன் செய்தார். நானாக இருந்தால் என் பட்டையை மட்டும் காட்டிச் சண்டை போட்டிருப்பேன். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சில வாரம் கழித்து இரண்டு பட்டைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். மாமியாருடையது வெள்ளையாகவே இருந்தது. என்னுடையது கருநீலம்.

“ரெண்டும் ஒரே கொள்ளுதானுங்களா?” என்று கேட்டார் மாமியார்.

“நீங்க கொண்டாந்ததேதானுங்க.”

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கொள்ளுச் சட்டியைத் தனியாக எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. என் வாய் சொன்னதை நம்பாத வீடு, ஒரு சொட்டு ரத்தம் சொன்னதும் நம்பிவிட்டதே!

புதிதாகச் செய்யும் பட்டைகள் சரியா என்று பார்க்க அவர்களுக்கு எங்கள் இருவர் ரத்தமும் வேண்டியிருக்கிறது. அதனால் அவ்வப்போது சேர்ந்தே போகிறோம். போன தடவை முன்னறையில் ஓர் இளம்பெண் கழுத்தெல்லாம் தடிப்போடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார்.

“வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிக்கறாளுங்க” என்றார் அந்தப் பெண்ணின் மாமியார்.

என் மாமியார் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“நானும் அப்படித்தானுங்க சொன்னேன். இவளுக்குத் தெரியாம ரசத்துல கரைச்சு ஊத்திப்போட்டேன். இவ செத்தே போயிருப்பாளுங்க. புள்ளை சொன்னா நம்பிப்போடுங்க.”

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. உள்ளே கூப்பிட்டார்கள். ஊசி குத்தியதும் அழுதுவிட்டேன். ரத்தம் எடுத்த பெண் பதறிப்போய், வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.