கோளாறு எண்ணை அழித்தவர்

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு கண்ணை உறுத்தியதால், அதன்மேல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி ஒரு மாதம் கார் ஓட்டியவன் நான். மறுநாள் மகளை விமானம் ஏற்றச் சென்னைக்குப் போக வேண்டும் என்றதும்தான் பயம் வந்து பொட்டைப் பிய்த்தேன்.

காரை முதலியார்பேட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார், கடைசிவரை இறக்கவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் பானெட்டில் புறங்கையை வைத்தார். பிறகு கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைக் காரில் செருகினார். அதன் திரையில் ஏதோ கோளாறு எண் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினார், விளக்கு அணைந்தது.

"சரியாயிடுச்சா?"

"நம்பர அழிச்சிட்டேன் சார்."

"அப்ப கோளாறு?"

"இருந்தா அதுவே திரும்ப வந்து சொல்லும்."

"நடுவழியிலயா?"

"அத நாம எப்படி சார் சொல்றது?"

சென்னை போய்த் திரும்பும்வரை விளக்கு எரியவில்லை. அவர் கோளாறைத் தீர்த்தாரா, அதன் வாயை அடைத்தாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் மனைவியிடம் அவரைப் புகழ்ந்தேன்.

"போறப்ப பின்னாடியே ஒரு டாக்சி வந்துச்சே, பாக்கலியா? கார் நின்னுட்டா ஏறிக்கலாம்னு உங்க பொண்ணு ஏற்பாடு பண்ணது" என்றாள்.